ஏரிக்கரை நடையில் கண்டவை: பூச்சி, சிலந்தி, காளான் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் அதையொட்டிய புதர்க்காட்டிலும் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நடக்கிறேன். விடுமுறை சேர்ந்து வந்தால் மலைப்பக்கமும் போவதுண்டு. நடை முடிந்த அன்று மாலையே போனில் படங்கள் வரத் தொடங்கிவிடும். கூடவே "இது என்னங்க?" என்று ஒரு வரி. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையும் மனதில் வைத்து எழுதியது இது.

எட்டுக்கால் பூச்சி என்றுதானே சொல்கிறோம்? சிலந்தி பூச்சி இல்லையா?

இல்லை. பூச்சி என்றால் ஆறு கால், தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி உடல், தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால். தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த முன்பகுதி, பின்னால் வயிறு என உடல் இரண்டே பகுதி. உணர்கொம்பும் இல்லை, இறக்கையும் இல்லை. தேள், உண்ணி, சிற்றுண்ணி எல்லாம் சிலந்தியின் சொந்தக்காரர்கள். மரவட்டையும் பூரானும் இரண்டிலும் சேராத தனிக் கூட்டம். உடலின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு ஜோடிக் கால் இருந்தால் பூரான், பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை.

நம் மொழியில் ஊர்வது பறப்பது எல்லாமே 'பூச்சி'தான். பேச்சில் அப்படியே இருக்கட்டும். பெயர் கண்டுபிடிக்க உட்காரும்போது மட்டும் முதல் வேலையாகக் காலை எண்ணுங்கள். வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்ணிக்கையிலேயே பாதை பிரிந்துவிடும்.

படம் எடுக்கிறேன், ஆனால் பார்த்துவிட்டு "சொல்ல முடியாது" என்கிறீர்கள். எப்படி எடுக்க வேண்டும்?

ஒரே படத்தை நம்பாதீர்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் முகத்துக்கு நேராக ஒன்று. சிலந்தி என்றால் முகம் மிக முக்கியம், ஏனென்றால் கண்கள் அமைந்திருக்கும் விதத்தை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். காளான் என்றால் குடைக்கு அடியில் ஒரு படம் கட்டாயம் வேண்டும். மேலே எடுத்த படம் மட்டும் வந்தால் நான் அடுத்து கேட்பது அதைத்தான்.

அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய்க் காசு ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் அகலம். அப்புறம், நிறையப் பேர் விட்டுவிடுவது ஒன்று: அது உட்கார்ந்திருந்த செடி. எருக்கா, புங்கையா, எலுமிச்சையா, செத்த வேப்பங்கட்டையா? இலையைத் தின்னும் புழுக்கள் பலவற்றுக்குச் சில செடிகள்தான் ஆகாரம். செடி தெரிந்தால் புழுவின் பெயருக்குப் பாதி தூரம் வந்தாயிற்று. எருக்கிலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளோடு ஒரு புழு மேய்ந்தால், அது பெரும்பாலும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளைதான்.

முதல் மழைக்குப் பிறகு மண்ணில் சிவப்பு வெல்வெட் துணி மாதிரி ஊர்ந்து போனது. என்ன அது?

அதைப் பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் 'மூதாய்' என்று வருவதும் இதுதான். மழை பெய்து ஈரமான வழியில் இரத்தச் சிவப்பாகச் சிறுசிறு கோலம் போட்டபடி அது ஊர்வதை அந்தக் காலத்துப் புலவர்கள் குனிந்து பார்த்திருக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு மனசு நிறையும்.

காலை எண்ணுங்கள்: எட்டு. பூச்சி என்று பெயர் இருந்தாலும் இது சிற்றுண்ணி வகை, சிலந்திக்குப் பங்காளி. குஞ்சுப் பருவத்தில் மட்டும் ஆறு கால் இருக்கும். அந்தப் பருவத்தில் வேறு பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சி வாழும். வளர்ந்ததும் மண்ணுக்குள் போய்விட்டு, மழை மண்ணை இளக்கியதும் வெளியே வரும். அதே மழையில்தான் ஈசலும் கிளம்புகிறது, அந்த ஈசலும் கறையானும் அதற்கு விருந்து. மனிதரைக் கடிக்காது. எண்ணெய்க்கும் நாட்டு மருந்துக்கும் என்று இதைப் பொறுக்கி விற்பவர்கள் உண்டு. வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் உயிர். அதையும் அள்ளிக்கொண்டு போனால் அடுத்த மழைக்கு எதைப் பார்ப்பது?

மாமரத்தில் முசுறு ஊர்ந்தது. தட்டிவிட்டேன், நூல் விட்டுக் கீழே தொங்கியது! எறும்பு நூல் விடுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். நீங்கள் பார்த்தது முசுறு அல்ல, முசுறு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி.

முசுறு என்பது மாமரத்திலும் கொய்யாவிலும் இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டும் அந்தச் செம்மஞ்சள் எறும்பு. கடித்தால் சுருக்கென்று இருக்கும். பறவைகளும் பெரிய பூச்சிகளும் அதை எளிதில் தொடுவதில்லை. அந்தப் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வாழ்கிறது இந்தச் சிலந்தி. நிறம் அச்சாக அதே. மற்ற சிலந்திகளில் கண்ணில் படாத இடுப்பு, இதில் எறும்பின் இடுப்பு போல ஒடுங்கி நீண்டிருக்கும். எறும்புக்கு ஆறு கால், இதற்கு எட்டு. மிச்சமுள்ள முன்ஜோடிக் கால்களைத் தலைக்கு முன்னால் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும், உணர்கொம்பு மாதிரி! தலையின் பக்கவாட்டில் இரண்டு கறுப்புத் திட்டுகள், எறும்பின் கண்களைப் போல. உண்மையான கண்கள் முகத்தின் முன்னால் இரண்டு பெரிய உருண்டைகளாக ஜொலிக்கும். ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டு துருத்தியிருப்பதால், ஓர் எறும்பு இன்னொரு சின்ன எறும்பைக் கவ்விக்கொண்டு போவது போலவே தோன்றும்.

ஒருமுறை ஒரு சிறுமி கால்மணி நேரம் ஒரு கொய்யாக் கிளையை விட்டு நகரவில்லை. "எல்லா எறும்பும் ஒன்றையொன்று கொம்பால் தொட்டுப் பேசுகிறது, இது மட்டும் யாரோடும் பேசாமல் விலகி விலகிப் போகிறது" என்றாள். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டாள். வேடம் போட்டாலும் முசுறிடம் சிக்கினால் சிலந்திக்கு ஆபத்து. அதனால்தான் கூட்டத்தின் ஓரத்திலேயே நிற்கும், எதிரே எறும்பு வந்தால் வழிவிட்டு ஒதுங்கும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளை அதன் நடத்தையைப் பார்த்துவிட்டாள்.

பூவில் உட்கார்ந்திருப்பது தேனீயா, ஈயா?

இறக்கை எத்தனை? தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி, ஈக்கு ஒரு ஜோடி. உட்கார்ந்திருக்கும்போது எண்ணுவது கஷ்டம் என்றால் முகத்தைப் பாருங்கள். ஈயின் கண்கள் தலை முழுவதையும் பிடித்திருக்கும், உணர்கொம்பு குட்டையாக இருக்கும். அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நிற்கும் மஞ்சள் கறுப்புப் பட்டைக்காரர் பெரும்பாலும் மிதக்கும் ஈதான். அதற்குக் கொடுக்கே கிடையாது.

தேனீ என்று உறுதியானால் அடுத்தது கூடு. பாறை விளிம்பிலும் உயரமான கட்டடத்திலும் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்கினால் மலைத்தேனீ. புதரில் ஒரு குச்சியைச் சுற்றிக் கையளவு அடை என்றால் கொம்புத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காக என்றால் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீ. சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கொட்டாத கொசுத்தேனீ. மலைத்தேனீ அடைக்கும் கதண்டுக் கூட்டுக்கும் பக்கத்தில் நடையை நிறுத்தவே கூடாது. கல் எறிவதும் புகை போடுவதும் உயிருக்கு உலை. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவு அடைக்கக்கூடிய இடத்துக்குள் போய்விடுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனை.

பட்டாம்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் எப்படிப் பிரிப்பது?

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். தீக்குச்சி போல நுனி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. இறகு போலவோ வெறும் நூல் போலவோ இருந்தால் அந்து. பகலில் பறப்பது, இறக்கையை மடக்குவது போன்ற மற்ற அடையாளங்களுக்கெல்லாம் விதிவிலக்கு உண்டு.

வெந்தய வரியன் என்று எழுதினேன், நீங்கள் வேறு என்றீர்கள். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி இருக்கிறது. வெந்தய வரியனின் புழு எருக்கின் நச்சைத் தின்று தன் உடலில் சேர்த்து வைப்பதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி அதைத் தொடாது. நச்சே இல்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண் அதே செம்மஞ்சள் உடையை உடுத்திக்கொண்டு தப்பிக்கிறது. அதன் ஆணைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்: கருநிற இறக்கையில் ஊதா விளிம்பிட்ட பெரிய வெள்ளை வட்டங்கள்.

பின்னிறக்கையின் நடுவில் மூன்றோ நான்கோ கரும்புள்ளி இருந்தால் வெந்தய வரியன். நடுவில் ஒன்றும் இல்லாமல் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால் வேடதாரி. உங்கள் படத்தில் நடுப்பகுதி காலியாக இருந்தது.

சொல்ல மறக்கக்கூடாது, 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது தமிழ் மறவன். அது மலைக்காட்டுக்காரர், ஏரிக்கரையில் தேட வேண்டாம்.

தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் என்ன வித்தியாசம்?

உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், பெரும்பாலும் முதுகோடு சேர்த்து மடித்தால் ஊசித்தட்டான். ஊசித்தட்டானின் இரண்டு கண்களும் தள்ளித் தள்ளி இருக்கும்.

புங்கை இலை முழுக்கப் பச்சையாக விரல் விரலாக மேடு. பூச்சி முட்டையா, நோயா?

இரண்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி ஒன்று இலையைத் தூண்டித் தனக்காகக் கட்டவைத்த வீடு. ஒரு மேட்டை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே வெற்றாகத்தான் தெரியும், நல்ல உருப்பெருக்கி இருந்தால் மட்டுமே நீளமான வெள்ளைத் துகள்கள் நகர்வது தெரியும். மரம் இதனால் சாகாது. எங்கள் தெருப் புங்கைகளில் வருடாவருடம் வருகிறது, வருடாவருடம் பூக்கவும் செய்கிறது. தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள்.

அதே புங்கை இலையில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால் அது வேறு கதை. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு புழு தின்றுகொண்டே போன பாதை. ஒரு முனையில் மெல்லிதாகத் தொடங்கி, புழு வளர வளரக் கோடும் தடிப்பதைக் கவனியுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கிறது. பூஞ்சைதானே?

பெரும்பாலும் மாவுப்பூச்சி. பூச்சியேதான், மெழுகுத்தூளைப் போர்த்திக்கொண்டு சாறு உறிஞ்சுகிறது. ஒரு குச்சியால் மெல்ல விலக்கினால் அடியில் இளஞ்சிவப்பாக உடல் தெரியும். உண்மையான சாம்பல் பூஞ்சை இலைமேல் மாவு தூவியது போல மெலிதாகப் படியும், உருண்டு திரளாது.

அந்தக் கூட்டத்துக்குள் ஒன்று மட்டும் பெரிதாக, வெள்ளை இழைகள் நீண்டு, வேகமாக நடந்துகொண்டிருந்தால் கொன்றுவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. இரையின் உடையையே உடுத்திக்கொண்டு இரைக்குள் மேய்கிறது. மாவுப்பூச்சி இடம்விட்டு நகர்வதே அபூர்வம், இது ஓடும்.

சின்னச் சின்னதாகச் சில: செடித்தண்டில் எச்சில் நுரை, மணலில் புனல் குழி, நடக்கும் குச்சிக்கட்டு?

நுரைக்குள் ஒரு சாறு உறிஞ்சும் பூச்சியின் குஞ்சு, வெயிலுக்கும் எதிரிக்கும் தப்ப உட்கார்ந்திருக்கும். யாரும் துப்பியதல்ல. மணல் குழியின் அடியில் புதைந்திருப்பது, வழுக்கி விழும் எறும்பைக் காத்திருக்கும் புழு, குமரிப் பக்கம் குழியானை என்பார்கள். வளர்ந்தால் ஊசித்தட்டான் போலவே இறக்கையோடு பறக்கும், ஆனால் உணர்கொம்பு நீளமாக இருக்கும். குச்சிக்கட்டுக்குள் இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு, வீட்டைச் சுமந்துகொண்டே மேய்கிறது.

வலையில் வெள்ளையாக 'எக்ஸ்' போட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் சிலந்தி ஆபத்தானதா?

ஆபத்தில்லை. கையெழுத்துச் சிலந்தி என்பார்கள். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்த எக்ஸ் மீதே வைத்துக்கொண்டு தலைகீழாக இருக்கும். நடுவில் பெரிதாக இருப்பது பெண். வலையின் ஓரத்தில் துக்கடாவாக ஒன்று தெரிந்தால் அது ஆண். அந்த வெள்ளை வரிகள் எதற்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. பூச்சியை ஈர்க்க என்கிறார்கள் சிலர், பறவை வலையை அறுக்காமல் இருக்க என்கிறார்கள் சிலர்.

மலைக்காட்டுப் பாதையில் ஆள் உயரத்துக்கு வலை, வெயில் பட்டால் நூல் தங்கமாக மின்னுகிறது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்த சிலந்தி என்றால், அது ராட்சத மரச்சிலந்தி. குனிந்து வலைக்கு அடியில் போய்விடுங்கள். வீட்டுச் சுவரில் இரவில் ஓடும் தட்டையான பெரிய சிலந்தி வேறு. அது வலை கட்டாமல் கரப்பான் பூச்சியை வேட்டையாடும், முட்டைகளை வட்ட வில்லையாக வயிற்றுக்கு அடியில் பிடித்துக்கொண்டு திரியும்.

சிலந்தி சிறுநீர் பட்டுக் கழுத்தில் கொப்புளம் வந்துவிட்டது என்கிறார் பாட்டி. உண்மையா?

பாட்டி கொப்புளத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார், குற்றவாளியைத்தான் தவறாகப் பிடித்துவிட்டார். சிலந்தி இப்படிக் கொப்புளம் உண்டாக்குவதில்லை. ஒரு பக்கமாக, பட்டையாக, வலியோடு வந்தால் அது அக்கியாக இருக்கலாம், வைரஸால் வருவது. மருத்துவரிடம் சீக்கிரம் காட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் திடீரென்று கோடு இழுத்தது போல எரிச்சலும் கொப்புளமும் வந்தால் இன்னொரு ஆள் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், எறும்பு போல ஒல்லி, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி. மேலிறக்கை மட்டும் சட்டை குட்டையாகிவிட்டது போல வயிற்றின் பாதிக்கு முன்பே முடிந்துவிடும், நீலம் கலந்து மின்னும். அது ஒரு வண்டு. மழை நின்ற இரவுகளில் டியூப்லைட்டைத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது. தோலின் மேல் வைத்து நசுக்கினால்தான் உடலுக்குள் இருக்கும் நச்சுநீர் தோலில் படும். உடனே ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் சிவக்கும். அதனால்தான் நசுக்கியதை எல்லோரும் மறந்துவிட்டு, காலையில் மூலையில் தெரிந்த சிலந்தியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கும் இது நடந்தது. ஒரு மழை இரவில் படித்துக்கொண்டே கழுத்தில் ஊர்ந்ததைத் தேய்த்துவிட்டேன். அடுத்த நாள் விரல் இழுத்த தடத்திலேயே எரிந்தது, ஒரு வாரத்துக்கு மேல் கறுத்த தழும்பு இருந்தது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். இதே வண்டு நெல்வயலில் புகையான் பூச்சியைத் தின்று உழவருக்கு உதவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரவில் டார்ச் அடித்தால் தரையில் பனித்துளி போலப் பச்சையாக மின்னுகிறதே?

டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், இன்னும் நிறையத் தெரியும். ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் அவை. பூனைக் கண் போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உள்ளே இருக்கிறது. மின்னலை நோக்கி மெல்ல நடந்து போனால் புல்லுக்கு நடுவில் ஆள் உட்கார்ந்திருப்பார். சில நேரம் ஒரே இடத்தில் பொடிப்பொடியாகப் பல மின்னும். அது முதுகு முழுக்கக் குஞ்சுகளைச் சுமக்கும் தாய்.

இந்தக் காளானைச் சாப்பிடலாமா?

படம் பார்த்து இதற்கு நான் பதில் சொல்வதில்லை. யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். மழைக்குப் பிறகு புல்வெளியில் வெள்ளைக் குடையோடு, நடுவில் பழுப்புச் செதில்களோடு, காம்பில் வளையத்தோடு அழகாக வளரும் காளான் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் காளான் போலவே பார்க்க நன்றாக இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளை வதைத்துவிடும். இளசாக இருக்கும்போது அடித்தகடுகள் வெள்ளை, முற்றிய பிறகுதான் பச்சை கலந்து வரும். அதாவது, சமைக்க ஆசைப்படும் பருவத்தில் அடையாளமே தெரியாது. இதைவிடக் கொடியவையும் உலகில் உண்டு. அவற்றைத் தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது, பிறகு வயிற்றுப்போக்கு, நடுவில் சரியானது போல ஒரு நாள், அப்புறம் கல்லீரல் போய்விடும். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்ற சோதனைகள் எல்லாமே பொய்.

கிராமங்களில் புற்றுக்காளானைத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அது உண்மை. கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எழுவது அது. குடை நடுவில் கூம்பு போல முனை, மண்ணுக்குள் வேர் போல நீண்டு புற்றுவரை போகும் காம்பு. ஆனால் அவர்கள் அடையாளம் காண்பது ஒரு படத்தை வைத்து அல்ல. எந்தப் புற்றில், எந்த மழைக்கு எழும் என்று சின்ன வயதிலிருந்து கண்டு பழகியவர்கள். அந்தப் பழக்கம் நமக்கு இல்லாதபோது கடைக் காளானே போதும். யாராவது தவறாகச் சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானையும் கூடவே எடுத்துப் போங்கள்.

சாப்பிட அல்ல, பெயர் தெரியத்தான். காளானில் எதைப் பார்ப்பது?

எதில் முளைத்தது: மண்ணா, சாணமா, செத்த மரமா, உயிருள்ள மரமா? குடைக்கு அடியில் தகடுகளா, நுண்துளைகளா? காம்பில் வளையம், அடியில் உறை இருக்கிறதா? அப்புறம் வித்துத்தூளின் நிறம். குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுத்தால் தகடுகளின் வரிசை தூளாகப் பதிந்திருக்கும். மேலே சொன்ன அந்த ஏமாற்றுக் காளான் மங்கிய பச்சையில் கோலம் போட்டிருப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கையைக் கழுவ மறக்காதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் காட்டும் முதல் காளான், விறகுக் கட்டையில் வரிசையாக ஒட்டியிருக்கும் சாம்பல் வெள்ளை விசிறி. மேலே பூனைமயிர் போல இருக்கும், அடியில் ஒவ்வொரு தகடும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டு மூடிக்கொள்ளும், தண்ணீர் தெளித்தால் மறுபடி விரியும். ஆண்டு முழுதும் எங்கும் கிடைக்கும்.

தென்னை மரத்தின் அடியில் பளபளப்பான செம்பழுப்புக் காளான். நல்லதா கெட்டதா?

மரத்துக்குக் கெட்டது. தஞ்சாவூர் வாடல் நோய் என்று உழவர்கள் சொல்வது இந்தப் பூஞ்சையால்தான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதித் தென்னைகளில் பெரிதாகத் தெரியவந்ததால் அந்தப் பெயர். வேரிலும் அடித்தண்டிலும் அழுகல் நடந்த பிறகுதான் காளான் வெளியே தலைகாட்டும். அதற்கு முன்பே அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், கீழ்மட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். நடையில் இதைப் பார்த்தால் தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பக்கத்து மரங்களுக்கு வேப்பம்பிண்ணாக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் வைக்க அவருக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருப்பது பாசியா?

செட்டிநாட்டு மசாலாவில் கல்பாசி போடுகிறீர்களே, அதன் குடும்பம்தான். பெயரில் பாசி இருந்தாலும் அது ஒரு பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. புகை மிகுந்த சாலையோர மரங்களில் இவற்றின் வகைகள் குறைந்துவிடும். அடுத்த நடையில் சாலையோர மரத்தையும் உள்ளே தள்ளி இருக்கும் மரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மட்கிய கட்டையில் மஞ்சள் கூழ் கொட்டியது போல இருந்தது, மறுநாள் இடம் மாறியிருந்தது!

மாறியிருக்கும். அது காளான் இல்லை, சளிப்பூஞ்சு. விலங்கும் இல்லை, செடியும் இல்லை. பாக்டீரியாவைத் தின்றுகொண்டு மெல்ல நகரும். பிறகு காய்ந்து பொடியாகும். காலையும் மாலையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தால் அது நகர்ந்தது தெரியும்.

செயலியில் போட்டால் பெயர் வருகிறதே, அதை நம்பலாமா?

ஐநேச்சுரலிஸ்ட், சீக், கூகுள் லென்ஸ் எல்லாம் நானும் பயன்படுத்துகிறேன். பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. சின்னச் சிலந்திக்கும் பழுப்புக் காளானுக்கும் அவை சொல்லும் பெயரை ஓர் ஊகமாக மட்டும் வையுங்கள். அந்த இனம் நம் நாட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐநேச்சுரலிஸ்டில் செயலி சொல்வதோடு கதை முடிவதில்லை. மற்றவர்கள் பார்த்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு ஆராய்ச்சித் தரத்துக்கு உயரும். திருத்தியவர்களிடம் ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். நான் சிலந்திகளைப் பற்றிக் கற்றதில் பாதி அப்படி வந்ததுதான்.

பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கலாமா?

நாம் எல்லோரும் வளர்த்தோம், தெரியும். வேல இலை போட்டு, அரிசி போல முட்டை வைக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பையில் வைத்துக் காத்திருந்தோம். அந்த முட்டை பெட்டியில் பொரித்து வளர வழியே இல்லை. அதன் புழு மண்ணுக்குள் வேர் தின்று வளர்வது. இப்போது பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உள்ளங்கையில் வையுங்கள், அந்தப் பச்சை மின்னலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், எடுத்த மரத்திலேயே விடுங்கள். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சியையோ காளானையோ எடுத்து வருவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பெயர் தெரியாததைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது?

எதுவரை உறுதியோ அதுவரை எழுதுங்கள். 'குதிக்கும் சிலந்தி வகை' என்பதும் நல்ல பெயர்தான். தவறான முழுப்பெயரைவிட உறுதியான அரைப்பெயர் எவ்வளவோ உதவும். அந்தக் கொய்யாமரச் சிறுமியின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"கார்த்திகை மாசம், காலை 7:20, நேற்று ராத்திரி மழை. ஏரிக்கரை மூன்றாவது கொய்யா. எறும்பு மாதிரி. கால் எட்டு, இரண்டு தடவை எண்ணினேன். முன்கால் தூக்கியே இருந்தது. என் விரல் நகத்தைவிடச் சின்னது. எறும்பு எதிரே வந்தால் இலைக்கு அடியில் போய்விடுகிறது. பெயர்: சிலந்தி. மீதி அடுத்த வாரம்."